புது ஏர் ரைபிளும் என் இடது கைக் கட்டும்

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது கையின் இரண்டு விரல்களைத் தவிர மற்ற எல்லாரும் நலம். அங்கே நீங்களும் தங்கையும் குழந்தைகளும் விரல்கள் உட்பட முழு நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் அக்காவின் காது உங்களுக்குத் தெரியாததல்ல. மொட்டை மாடியில் நின்று நான் குசுகுசுவென்று பேசினாலும், கீழே குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே "யாருகிட்ட என்னப் பத்திப் பேசறீங்க?" என்று கேட்கக்கூடியவள். ஆகவே கடிதம். படித்ததும் கிழித்துவிடவும். உங்களால் எனக்கு ஓர் உதவி ஆக வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவ வேண்டாம், நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான் உதவியின் அருமை புரியும்.

முதலில் செய்தி. நான் அணியில் சேர்ந்துவிட்டேன் மச்சான்! எங்கள் பட்டறையில் ஓய்வு பெற்றவர்களின் மன்றத்துக்கும் அச்சகத்தில் ஓய்வு பெற்றவர்களின் மன்றத்துக்கும் வருஷா வருஷம் ஏர் ரைபிள் போட்டி நடக்கிறதல்லவா, அதில் வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் சுடப்போகிற நான்கு பேரில் நானும் ஒருவன். எங்கள் ஆட்களில் ஒருவருக்குக் கண்புரை அறுவை ஆகி ஓர் இடம் காலியானது. காலி என்று காதில் விழுந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஓய்வு பெற்றதிலிருந்து என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. பட்டறையில் இருந்தவரை "மைக்ரோமீட்டரக் கூப்பிடு, மைக்ரோமீட்டரக் கேளு" என்று, நூலளவும் பிசகாமல் அளக்கிற கருவியின் பெயரையே எனக்குப் பட்டப்பெயராக வைத்து, நாள் முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தபிறகு என்னைத் தேடி வருகிறவர் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் மட்டும்தான், அவரும் சிலிண்டரை இறக்கியதும் போய்விடுகிறார். அந்த நாலாவது இடம் எனக்கு வேண்டும் என்று குழந்தை மாதிரி ஆசைப்பட்டேன். சனிக்கிழமை தேர்வு என்று மன்றச் செயலாளர் அறிவித்தார். அறிவித்த அன்று சாயங்காலமே போய் ஒரு புது ஏர் ரைபிள் வாங்கிவிட்டேன்.

என்ன ஓர் அழகு தெரியுமா! நடுவில் மடக்கினால் குழாய் கீழே வரும், உள்ளே கனமான ஸ்பிரிங் சுருங்கி 'டக்' என்று மாட்டிக்கொள்ளும், இடுப்புச் சிறுத்த ஈயக் குண்டு ஒன்றை வைத்துக் குழாயை நிமிர்த்தினால் தயார். வெடிமருந்தும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது, எல்லாம் ஸ்பிரிங்கும் காற்றும்தான். மேலே குறி பார்க்க ஒரு தொலைநோக்கி, அதில் ஏற்ற இறக்க ஒரு திருகு, இடம் வலம் தள்ள ஒரு திருகு. ஒவ்வொரு சொடுக்குக்கும் இவ்வளவு என்று கணக்கு. திருகைக் கண்டால் எனக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு புத்திமதி சொன்னார். "சார், ஸ்பிரிங் துப்பாக்கிய இறுக்கிப் பிடிக்காதீங்க. உள்ளங்கையில சும்மா படுக்க வைங்க. சுடும்போது முன்னயும் பின்னயும் துள்ளும், துள்ளட்டும்னு விட்டுடணும்." நான் மரியாதைக்குத் தலையாட்டினேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் ஓர் இரும்புத் துண்டை லேசாகப் பிடித்துக் கடைந்தால் அது எந்தக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும் என்று மீன் தூண்டிலும் டென்னிஸ் பந்தும் விற்கிற மனிதருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் அக்கா கேட்டாள். "என்னது அது?" துப்பாக்கி என்றேன். "அது தெரியுது. நம்ம வீட்ல அதுக்கு என்ன வேலைன்னு கேட்டேன்." தேர்வு, போட்டி, நாலாவது இடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அன்று முழுக்க மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்த்து, நோயாளிகளுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வந்த களைப்பில் இருந்தாள் போலிருக்கிறது, "என்னமோ பண்ணுங்க, கண்ணாடி எதும் உடையக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டு அமைப்பு உங்களுக்கு நினைவிருக்கும். முன்னறையிலிருந்து பார்த்தால் நடை ஒரே நேராகப் பின்கட்டுச் சாமான் அறை வரை போகும். ஆண்டவனே எனக்காகக் கட்டிவைத்த மாதிரி! சாமான் அறையில் பழைய இரும்புப் பெட்டியைக் குப்புற நிறுத்தி, அதன் முன் கெட்டிப் பலகை, பலகைக்கு முன் மெத்தை விரிப்புகளைத் திணித்த அட்டைப்பெட்டி, அதன்மேல் வட்டம் போட்ட குறி அட்டை. ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் தாழ்ப்பாள். ஒரே ஒரு குறை, குளியலறைக் கதவு அந்த நடையில்தான் திறக்கிறது. அதற்கும் வழி கண்டேன். சுடும்போது குளியலறைக் கைப்பிடியில் சிவப்புத் துண்டு தொங்கும், துண்டு தொங்கினால் உள்ளே இருப்பவர் வெளியே வரக் கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே போகக் கூடாது. பாதுகாப்பு விதி. உள்ளே இருப்பவருக்குத் துண்டு தெரியாதே என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை, அதனால் குரல் கொடுக்கிற ஏற்பாடும் வந்தது. "வரலாமா?" என்று உங்கள் அக்கா உள்ளேயிருந்து கேட்பாள், "இரு, இன்னும் ரெண்டு குண்டு" என்பேன். "ட்யூட்டிக்கு நேரமாச்சுங்க, நான் ஆஸ்பத்திரியில போய் நிக்கணுமா, உங்க குண்டு தீரட்டும்னு இங்கயே நிக்கணுமா?" என்பாள். ராணுவத்தில் இப்படியெல்லாம் கேள்வி கேட்பார்களா, நீங்களே சொல்லுங்கள்.

முதல் குண்டு சுடுவதற்கு முன்னால் முறைப்படி எண்ணெய் போட்டேன். புது இயந்திரம் எது வந்தாலும் எண்ணெய் போடாமல் ஓட்ட எனக்குக் கை வராது. சும்மா சொட்டுக் கணக்கில் இல்லை, ஸ்பிரிங் வாழ்நாளெல்லாம் என்னை வாழ்த்த வேண்டும் என்று காற்று அடிக்கிற துவாரம் வழியாகத் தாராளமாகவே விட்டேன். மச்சான், ஸ்பிரிங் பாய்கிற வேகத்தில் உள்ளே காற்று சூடாகி, அந்த எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்று யார் கண்டது! விசையை இழுத்தேன், 'டுமீல்'! முன்னறை முழுக்க நீலப்புகை, தீய்ந்த வாடை, எனக்குக் காதில் ஒரே ரீங்காரம். கீழ் வீட்டில் பல் டாக்டர் கிளினிக் இருக்கிறதல்லவா, அங்கே நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டிருந்த நோயாளி அந்தச் சத்தத்தில் வாயை மூடிவிட்டாராம். டாக்டரின் விரல் உள்ளே இருந்திருக்கிறது. விரலைப் பிடித்துக்கொண்டு அவரே மேலே ஓடிவந்தார். "என்ன சார், சிலிண்டர் வெடிச்சுதா?" என்று அவர் கேட்க, குளியலறைக்குள்ளிருந்து "வரலாமா?" என்று உங்கள் அக்கா கேட்க, புகைக்கு நடுவில் துப்பாக்கியோடு நான் அசடு வழிந்துகொண்டு நின்றேன். உங்கள் அக்கா டாக்டர் விரலுக்கு மருந்து போட்டு அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னொரு தடவ இப்படிச் சத்தம் கேட்டா அது கடைக்கே திரும்பிப் போகும்." அவள் சத்தம் போடாமல் சொன்னதால்தான் எண்ணெய்ப் புட்டியை அப்போதே மூடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் சத்தம் அடங்கியது, ஆனால் குறி வந்தபாடில்லை. ஒரு குண்டு வட்டத்துக்கு மேலே, அடுத்தது கீழே இடப்பக்கம், அதற்கடுத்தது அட்டைப்பெட்டியையே விட்டுவிட்டுப் பலகையில். நானும் விடுவேனா? ஒவ்வொரு ஓட்டையையும் பென்சிலால் சுற்றி, ஸ்கேல் வைத்து அளந்து, மேலே போனால் திருகை இறக்கி, இடம் போனால் வலம் தள்ளி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உழைத்தேன். நான் வலம் தள்ளினால் குண்டு வேண்டுமென்றே இன்னும் இடம் போகும். தொலைநோக்கி ஆடுகிறதோ என்று திருகாணிகளை முறுக்கினேன். குண்டில் கோளாறோ என்று வேறு டப்பா வாங்கினேன். மின்விசிறிக் காற்றுதான் தள்ளுகிறது என்று வீட்டிலுள்ள விசிறிகளையெல்லாம் நிறுத்தினேன். வியர்த்து விறுவிறுத்து உங்கள் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அந்த மாதிரி முகத்தைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

அப்போதுதான், மச்சான், என் மூளையில் பொறி தட்டியது. பிடி! பிடி உறுதியாக இல்லை, அதுதான் சங்கதி! பரண்மேல் கிடந்த என் பழைய இரும்புப் பட்டறைப் பிடிப்பானை இறக்கினேன். பட்டறையில் அதை 'வைஸ்' என்போம், இரண்டு தாடைக்கு நடுவில் எதை வைத்து முறுக்கினாலும் அசையாது. அதைச் சாப்பாட்டு மேஜையில் மரை போட்டுப் பொருத்தி, தாடைகளில் பழைய செருப்பு ரப்பரை ஒட்டி, துப்பாக்கியை நடுவில் வைத்து இறுக்கினேன் பாருங்கள், மேஜையே முனகியது. சுட்டேன். சுட்டேன். திருகினேன். சுட்டேன். அத்தனை குண்டும் நட்ட நடு வட்டத்தில், ஒரே ஓட்டைக்குள்! எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "வா, ஓடி வா, வந்து பாரு!" என்று கத்தினேன். உங்கள் அக்கா வந்தாள், அட்டையைப் பார்த்தாள், துளை போட்ட தன் மேஜையைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. போட்டிக்கு மேஜையையும் தூக்கிட்டுப் போகப் போறீங்களா?" என்றாள். நக்கலாகத்தான் கேட்டாள், ஆனால் கேள்வி நியாயமானது. செயலாளருக்குப் போன் போட்டு மேஜைக்கு அனுமதி உண்டா என்று விசாரித்தேன். "மேஜையா? நாற்காலிகூடக் கிடையாது. நின்னு சுடணும்யா, என்னய்யா ஆச்சு உனக்கு?" என்றார்.

சரி என்று துப்பாக்கியைக் கழற்றிக் கையில் எடுத்து அதே குறியில் சுட்டேன். குளியலறைக் கைப்பிடியில் தொங்கிய சிவப்புத் துண்டு கீழே விழுந்தது. எப்படிப் பார்த்தாலும் காரணம் ஒன்றே ஒன்றுதான். வைஸில் நன்றாகச் சுடுகிற துப்பாக்கி என் கையில் சுடவில்லை என்றால், என் கை இன்னும் வைஸ் அளவுக்கு இறுக்கவில்லை. ஆகவே நானே வைஸ் ஆவது என்று முடிவெடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் நெரிக்கிற மாதிரி பிடித்து, தோளில் அழுத்தி, மூச்சை அடக்கி, கழுத்து நரம்பெல்லாம் புடைக்கச் சுட்டுப் பழகினேன். கை வெடவெடவென்று நடுங்கியது, குண்டு இன்னும் மோசமாகப் போனது. இன்னும் இறுக்கினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், இறுக்கத்தின் அளவைச் சரியாகத் தெரிந்துகொள்வதற்காகத் துப்பாக்கியை மறுபடியும் வைஸில் மாட்டி முறுக்கும்போதுதான் அந்த விபத்து. வாழ்நாள் முழுக்க லேத்தில் நின்று ஒரு கீறல் படாத கை மச்சான், சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தாடைக்குள் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் பல் டாக்டர் இந்த முறை மேலே வரவில்லை, கிளினிக்கைப் பூட்டிவிட்டு வெளியே ஓடினார்.

அந்த நேரம் பார்த்து உங்கள் அக்கா ட்யூட்டி முடிந்து வந்தாள். கைப்பையைக் கூட வைக்கவில்லை, விரலை விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கட்டுப் போட ஆரம்பித்தாள் பாருங்கள், ஒரு சுருள் முடிந்தது, இன்னொன்று முடிந்தது, பஞ்சை வைத்து மறுபடியும் சுற்றினாள். கடைசியில் என் இடது கை மணிக்கட்டுக்கு மேல் ஒரு தலையணையாகிவிட்டது. "அவ்வளவு ஆழமா?" என்று கேட்டேன். "பேசாம இருங்க. நான் அவுக்கற வரைக்கும் யாரும் இதத் தொடக் கூடாது. இந்தக் கையால இனி எதையும் பிடிக்க முடியாது, பிடிக்கவும் வேண்டாம்" என்றாள். எவ்வளவு பயந்திருந்தால் அவ்வளவு பெரிய கட்டுப் போட்டிருப்பாள்! அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வலியால் அல்ல, வலி என்னவோ பெரிதாக இல்லை. நாலாவது இடம் போய்விட்டதே என்றுதான். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, கொஞ்சம் அழுதேன்.

ஆனாலும் சனிக்கிழமை மன்றத்துக்குப் போனேன், கட்டோடு, தோளில் துப்பாக்கியோடு. எல்லாரும் சிரித்தார்கள். "என்ன மைக்ரோமீட்டர், குத்துச்சண்டை பக்கத்து மைதானத்துலப்பா" என்றார் செயலாளர். விதிப்புத்தகத்தில் மேஜை கூடாது, ஊன்றுகோல் கூடாது, துப்பாக்கியைத் தாங்கத் தோள்வார் கூடாது என்று இருக்கிறதே தவிர, காயக் கட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இதே விதிதான், சுடலாம் என்று விட்டுவிட்டார். இடது கையால் பிடிக்க வழியில்லை. துப்பாக்கியைக் கட்டின்மேல் சும்மா சாய்த்தேன், அது பாட்டுக்குப் படுத்துக்கொண்டது. போனால் போகிறது, ஒப்புக்குச் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று விசையைத் தொட்டேன். துப்பாக்கி கட்டின்மேல் ஒரு துள்ளுத் துள்ளியது. நடு வட்டம்! அதிர்ஷ்டம் என்றார்கள். அடுத்தது, நடு வட்டம். அதற்கடுத்தது முன்னதன் ஓட்டைக்குள்ளேயே. சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. கடைசிக் குண்டு முடிந்ததும் செயலாளர் அட்டையைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார், எல்லாரும் கேட்கும்படி "மைக்ரோமீட்டரக் கூப்பிடுங்கப்பா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், இருந்தாலும் கூப்பிட்டார்கள். அணிச் சட்டையை என் கையில் கொடுத்தார்கள். விசில் அடித்துக்கொண்டே படியேறினேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வலியோடு, ஊனப்பட்ட கையோடு, பிடிக்கவே முடியாத நிலையில் வெறும் மன உறுதியால் இப்படிச் சுட்டவன், கட்டில்லாமல் முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்துச் சுட்டால் என்ன ஆகும்! அச்சகத்துக்காரர்கள் முகத்தில் ஈயாடாது! ஆனால் உங்கள் அக்கா கட்டை அவிழ்க்க மாட்டேன் என்கிறாள். இன்னும் ஆறவில்லையாம். அவள் போடுகிற முடிச்சு அவளைத் தவிர யாருக்கும் அவிழாது. அதனால்தான் உங்களை நம்பி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு வந்துவிடுங்கள். சட்டைப்பையில் கூர்மையான சின்னக் கத்தரிக்கோல் ஒன்று கொண்டு வரவும். தங்கையை விட்டு உங்கள் அக்காவோடு பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள், மன்றத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாம் இருவரும் காரியத்தை முடித்துவிடலாம். மறந்துவிடாதீர்கள், என் மானம் உங்கள் கத்தரிக்கோலில் இருக்கிறது.

அங்குள்ள பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு என் ஆசி. பெரியவரிலும் சேராமல் சின்னவரிலும் சேராமல் நடுவில் இருக்கிற உங்களுக்கு, இருக்கிற ஒற்றைக் கையால் ஓர் அணைப்பு.

என்றும் உங்கள்,
அத்தான்
(அணியின் நாலாவது ஆள்)

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதுவது. ஒரு கையால் உறையை ஒட்ட வரவில்லை, ஒட்டிக் கொடு, உள்ளே பார்க்காதே என்று உன் அத்தான் கொடுத்தார். பார்த்தேன். அவர் விரலில் இருந்தது வெறும் சிராய்ப்பு, அதுவும் மறுநாளே ஆறியிருக்கும். அந்தத் துப்பாக்கியை அவர் கையால் பிடிக்கவே முடியாமல் செய்துவிட்டால் வீட்டில் கொஞ்ச நாள் நிம்மதியாகக் குளிக்கலாம் என்றுதான் அவ்வளவு பெரிய கட்டைப் போட்டேன். அதோடு போய்ச் சுட்டு எப்படி ஜெயித்து வந்தார் என்று எனக்கும் புரியாமல்தான் இருந்தது. கடைக்காரர் சொன்னதை இதில் படித்த பிறகுதான் விளங்கியது. இறுக்கிப் பிடிக்காதே என்றால் உன் அத்தான் கேட்கிற ஆளா? என் கட்டுதான் அவரை இறுக்க விடாமல் வைத்திருக்கிறது. அதை அவரிடமே சொல்லிவிடலாம் என்று முன்னறைக்குப் போனேன். அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட கையைத் தூக்கி, கண்ணாடி முன்னால் நின்று குறி பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றதிலிருந்து அந்த முகத்தை நான் பார்க்கவில்லை தம்பி. சொல்லாமலே திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னும் ஒரு சுருள் சேர்த்துச் சுற்றப்போகிறேன். நீ கண்டிப்பாக வா, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா, அவர் பெயரைக் கூப்பிடும்போது பலமாகக் கைதட்டு. கத்தரிக்கோலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா.